சோப்புக் கரைசலில் ஜெல்லின் ரகசியம்: புனே என்சிஎல் முதல் இயக்குநர் மெக்பெய்ன் கண்டுபிடித்தது என்ன?

கான்டாக்ட் லென்ஸ், தீக்காயத்தின் மேல் ஒட்டும் குளிர்ச்சியான ஜெல் பட்டை, குழந்தையின் டயப்பர், முகம் துடைக்கிற மைசெல்லர் வாட்டர். இந்த நாலுக்கும் பின்னால் இருப்பது கிட்டத்தட்ட ஒரே அறிவியல்தான். அந்த அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், தன் கடைசிக் காலத்தில் புனேவுக்கு வந்து ஒரு ஆய்வகத்தை நடத்தினார். அவர் பெயர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெய்ன்.

நீங்கள் புனேவில் வேலை பார்ப்பவர் என்றால், பாஷாண் பக்கம் போகும்போது தேசிய வேதியியல் ஆய்வகத்தின் வாசலைப் பலமுறை கடந்திருப்பீர்கள். ஊரில் எல்லோரும் என்சிஎல் என்றுதான் சொல்வார்கள். அதன் முதல் இயக்குநர் இவர். ஆனால் இவர் பெயர் வேதியியல் படித்தவர்களைத் தாண்டி அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

இவர் கதையைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு அளவீடுகள் கையில் இருந்தபோது, அதில் ஒன்றைக் குப்பையில் போடாமல் இரண்டையும் நம்பியவர் இவர். டேட்டாவோடு மல்லுக்கட்டும் வேலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

முதலில், ஹைட்ரோஜெல் என்றால் என்ன?

மதுரை ஜிகர்தண்டா குடித்திருக்கிறீர்களா? அதில் வழவழவென்று வருமே, பாதாம் பிசின், அதை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் அது சின்னச் சின்னக் கல் மாதிரி இருக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து இரவு தண்ணீரில் போட்டால், காலையில் கிண்ணம் நிறைய ஊதி நிற்கும். கரைந்து போகாது. அழுத்தினால் ஈரத் துணி மாதிரி தண்ணீரும் கொட்டாது.

இதுதான் ஹைட்ரோஜெல். உள்ளே மிக நீளமான மூலக்கூறு நூல்கள் இருக்கும். வேதியியலில் பாலிமர் சங்கிலிகள் என்பார்கள். இந்த நூல்கள் தண்ணீரை விரும்பும். ஆனால் அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கும். தண்ணீர் நூல்களை விலக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். முடிச்சுகள் விடாமல் இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டு விசையும் சமமாகும் இடத்தில் வீக்கம் நின்றுவிடும்.

முடிச்சுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிரந்தர வேதிப் பிணைப்பு. கான்டாக்ட் லென்ஸில் இருப்பது இந்த வகை, சூடாக்கினாலும் உருகாது. இன்னொன்று, வெறும் ஈர்ப்பினால் உண்டாகும் தற்காலிக முடிச்சு. வீட்டில் கடல்பாசி காய்ச்சி ஊற்றுவீர்களே, அது இந்த வகை. சூட்டில் திரவம், ஆறினால் கட்டி, மறுபடி கொதிக்கவிட்டால் திரவம்.

முடிச்சு நெருக்கமாக இருந்தால் ஜெல் விறைப்பாக இருக்கும், தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். தளர்வாக இருந்தால் மென்மையாகும், தண்ணீர் அதிகமாகும். முடிச்சுகளுக்கு நடுவே இருக்கும் கண்ணிகளின் அளவைப் பொறுத்து, எந்த மருந்து வேகமாக வெளியே வரும், எது மெதுவாகக் கசியும் என்பது முடிவாகும். சுருக்கமாகச் சொன்னால், ஜெல்லின் குணத்தைத் தீர்மானிப்பதில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் போலவே, அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்.

இன்றைக்கு இது பாடப்புத்தக விஷயம். ஆனால் 100 வருஷத்துக்கு முன்னால் இதைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் மெக்பெய்ன் வருகிறார்.

கனடாவில் இருந்து பிரிஸ்டலுக்கு

மெக்பெய்ன் 1882ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் சாத்தம் என்ற ஊரில் பிறந்தார். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தக் காலத்தில் வேதியியலில் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஜெர்மனிக்குப் போக வேண்டும். அவரும் போனார். லைப்சிக்கில் கொஞ்ச காலம், பிறகு ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம்.

1906இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அடுத்த 20 வருஷம் அங்கேதான்.

1909இல், கரி ஹைட்ரஜன் வாயுவை எப்படி இழுத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்தார். முதலில் வாயு மேற்பரப்பில் சட்டென்று ஒட்டுகிறது. பிறகு மெதுவாக உள்ளே ஊறுகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது பல நேரம் முடியாது. அதனால் இரண்டுக்கும் பொதுவாக ‘சார்ப்ஷன்’ என்ற சொல்லை அவர் உருவாக்கினார். இன்றும் கல்லூரி வேதியியலில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. ஒரு லென்ஸ் எவ்வளவு நீரை ஏற்கும், ஒரு ஜெல் எவ்வளவு மருந்தைப் பிடித்து வைக்கும் என்பதெல்லாம் இந்தச் சொல்லுக்குள் அடங்கும்.

அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட பொருள், கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: சோப்பு.

சோப்பில் என்ன பிரச்சினை?

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. அதன் மூலக்கூறுக்கு நீளமான ஒரு வால் உண்டு. அதற்குத் தண்ணீர் பிடிக்காது. தலைப்பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும். சாதாரண உப்பைத் தண்ணீரில் போட்டால் மின்னூட்டம் உள்ள அயனிகளாகப் பிரியும். சோப்பும் ஒரு உப்புதானே, அதுவும் அப்படித்தானே பிரிய வேண்டும்?

இங்கேதான் சிக்கல். கரைசலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அப்போது இரண்டு முக்கியமான வழிகள் இருந்தன.

முதல் வழி, மின்சாரம் செலுத்திப் பார்ப்பது. எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ, அந்த அளவுக்கு மின்னூட்டம் உள்ள துகள்கள் இருக்கின்றன என்று பொருள். செறிவான சோப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகவே கடத்தியது. அப்படியென்றால் நிறைய மின்னூட்டம் இருக்கிறது.

இரண்டாவது வழி, துகள்களை எண்ணுவது. நேரடியாக எண்ண முடியாது. ஆனால் ஒரு கரைசலின் ஆவி அழுத்தம் எவ்வளவு குறைகிறது, கொதிநிலை எவ்வளவு ஏறுகிறது என்பது உள்ளே இருக்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இந்த வழியில் பார்த்தால், செறிவான சோப்புக் கரைசலில் துகள்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு.

அதாவது மின்னூட்டம் நிறைய, துகள்கள் கொஞ்சம். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்?

அந்தக் காலத்தில் பலரும் எடுத்த சுலபமான வழி, இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடுவது. சோப்பு ஓரளவு தண்ணீரோடு வினைபுரிந்து காரத்தைத் தருகிறது, மின்சாரத்தைக் கடத்துவது அந்தக் காரம்தான், சோப்பு இல்லை என்று ஒரு விளக்கம் இருந்தது.

மெக்பெய்னும் அவர் குழுவினரும் அந்த விளக்கத்தை அளந்து பார்த்தார்கள். கரைசலில் இருந்த காரம் மிகமிகக் குறைவு. அவ்வளவு மின்கடத்தலுக்கு அது எந்த வகையிலும் போதாது.

அடுத்து, துகள் எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டார்கள். கொதிநிலையை வைத்து அளப்பது சோப்புக்குச் சரிவராது. கொதிக்கும் சோப்புத் தண்ணீர் நுரைத்துக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு தப்பாகிவிடும். அதனால் கொதிக்க வைப்பதை விட்டுவிட்டு, கரைசலுக்கு மேலே இருக்கும் ஆவி எந்த வெப்பநிலையில் பனித்துளியாகப் படிகிறது என்று பார்த்து ஆவி அழுத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்போதும் துகள் எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது.

ஆக, இரண்டு அளவீடும் சரி. தவறு அளவீட்டில் இல்லை, கரைசலுக்குள் என்ன இருக்கிறது என்ற கற்பனையில்தான்.

மைசெல்: கூட்டமாகப் போகும் மின்னூட்டம்

மெக்பெய்ன் சொன்ன விடை இதுதான். சோப்பின் அயனிகள் தனித்தனியாக அலைவதில்லை. பல அயனிகள் தானாகவே கூடி ஒரு கொத்தாகின்றன. தண்ணீர் பிடிக்காத வால்கள் ஒன்றையொன்று தேடி ஒதுங்குகின்றன. தலைகள் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. கொத்தாக ஆனதால் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் ஒவ்வொரு அயனியும் தன் மின்னூட்டத்தைக் கொண்டுவருவதால் மொத்த மின்னூட்டம் நிறைய இருக்கிறது.

கூட்டமாகிவிட்டால் மெதுவாகத்தானே நகரும் என்று தோன்றலாம். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள 8 உருண்டைகளை ஒன்றாக உருட்டினால், புது உருண்டையின் ஆரம் 2 மடங்குதான் ஆகும். தண்ணீரின் தடையும் ஆரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2 மடங்கு. ஆனால் மின்னூட்டம் 8 மடங்கு. இழுவிசை 8, தடை 2. எனவே தனியாகப் போனதைவிட 4 மடங்கு வேகம். நிஜத்தில் எதிர் அயனிகள் கொத்தோடு ஒட்டிக்கொண்டு இந்த வேகத்தைக் குறைக்கும். ஆனாலும் கூட்டம் சேர்ந்தால் மின்கடத்தல் விழுந்துவிட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது புரிகிறதல்லவா? எட்டுப் பேர் எட்டு பைக்கில் போவதற்குப் பதில் ஒரே வண்டியில் போகிற மாதிரி.

1913இல், கூழ்மங்கள் பற்றி ஃபாரடே சொசைட்டி நடத்திய விவாதத்தில் இந்தக் கொத்துகளை அவர் ‘மைசெல்’ என்ற பெயரில் முன்வைத்தார். அந்தச் சொல் ஏற்கனவே வேறு பொருளில் உயிரியலில் இருந்தது. சோப்புக் கொத்துக்கு அதைப் பயன்படுத்தி நிலைநிறுத்தியவர் இவர். உங்கள் அலமாரியில் இருக்கிற மைசெல்லர் வாட்டரின் பெயர் வந்த வழி இதுதான்.

உடனே எல்லோரும் கைதட்டினார்களா? இல்லை. ஒரே மாதிரி மின்னூட்டம் உள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். அவை தானாகக் கூடும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1920களின் நடுவில் லண்டனில் ராயல் சொசைட்டி கூட்டமொன்றில் இவர் இதைப் பேசியபோது, தலைமை வகித்தவர் அபத்தம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டதாக வேதியியல் வட்டாரத்தில் இன்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது.

இத்தனைக்கும் அப்போது அவர் யாரும் அறியாத ஆள் இல்லை. 1919இல் பிரிஸ்டலில் லெவர்ஹியூம் பெயரில் இயற்பிய வேதியியல் பேராசிரியர் பதவி உருவானபோது, அதில் முதலில் அமர்ந்தவர் இவர். லெவர்ஹியூம் என்பது சன்லைட் சோப்பு விற்ற லெவர் குடும்பத்தின் பட்டப்பெயர். 1923இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆகியிருந்தார். ஆனாலும் புதிய கருத்து என்றால் எதிர்ப்பு இருக்கத்தான் செய்தது.

ஜெல் பற்றிய சோதனை

இனி நம் விஷயத்துக்கு நேராக வருவோம். 1920இல் மேரி ஈவ்லின் லெய்ங்கும் மெக்பெய்னும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டது சோடியம் ஓலியேட். ஆலிவ் எண்ணெயில் அதிகமாக இருக்கும் கொழுப்பு அமிலத்தின் சோப்பு அது.

இந்தச் சோப்புக் கரைசலில் ஒரு வினோதம். ஒரே செறிவு, ஒரே வெப்பநிலை. ஆனால் எப்படிச் சூடாக்கி, எப்படி ஆற வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மூன்று நிலையில் கிடைக்கும். ஒன்று, ஓடுகிற தெளிந்த திரவம். இரண்டு, அதே அளவு தெளிவாக, ஆனால் தொட்டால் துள்ளும் ஜெல். மூன்று, வெள்ளையாகத் திரண்ட கட்டி. சோப்புத் தொழிலில் இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே தயிர்தான்.

மூன்றையும் வரிசையாக அளந்தார்கள். தயிர்க்கட்டியில் மின்கடத்தல் குறைந்துபோயிருந்தது. சோப்பின் ஒரு பகுதி மெல்லிய நார்களாகப் படிகமாகிக் கரைசலை விட்டு விலகிவிட்டது என்பதால் அது புரிந்துகொள்ளக்கூடியதே.

ஆனால் திரவமும் ஜெல்லும்? மின்கடத்தல் ஒன்றே. ஆவி அழுத்தம் ஒன்றே. சோடியம் அயனிகளின் அளவு ஒன்றே. ஒளி வளையும் அளவும் ஒன்றே. ஒரே ஒரு வித்தியாசம்தான்: ஜெல்லுக்கு மீள்தன்மை இருந்தது, திரவத்துக்கு இல்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. கையில் எடுத்தால் ஒன்று வழிந்து ஓடுகிறது, இன்னொன்று நிற்கிறது. ஆனால் உள்ளே நகரும் அயனிக்கு இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஆக, திரவம் ஜெல்லாகும்போது புதிய பொருள் எதுவும் உண்டாகவில்லை. ஏற்கனவே இருந்த அதே கூழ்மத் துகள்கள் கைகோத்து ஓர் அமைப்பாக நிற்கின்றன. அவ்வளவுதான்.

உப்பு ஜெல்லி வழியாகவும் தண்ணீரில் போவது மாதிரியே ஊடுருவும் என்று தாமஸ் கிரஹாம் 1861லேயே கவனித்திருந்தார். கூழ்மம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் அவர்தான் கொடுத்தார். ஜெல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை லெய்ங்கும் மெக்பெய்னும் எண்களாலேயே காட்டினார்கள்.

லெய்ங் பின்னாளில் மெக்பெய்னை மணந்தார். ஆய்விலும் கடைசிவரை உடன் இருந்தார்.

இதுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. வெளியே பார்த்தால் திடப்பொருள், உள்ளே பார்த்தால் தண்ணீர் என்ற இந்த இரட்டைக் குணம்தான் ஹைட்ரோஜெல்லை உடம்புக்கு ஏற்றதாக்குகிறது.

நம் உடம்பின் மென்மையான திசுக்களும் ஏறக்குறைய இப்படித்தான். மூட்டுக் குருத்தெலும்பும், கண்ணுக்குள் இருக்கும் விழிப்படிகக் குழம்பும் நீர் நிறைந்த வலைகளே. எனவே ஒரு ஜெல்லைக் கண்ணிலோ காயத்திலோ வைத்தால், கடினமான பிளாஸ்டிக் உறுத்துவது மாதிரி உறுத்தாது. சின்ன மூலக்கூறுகள் அதன் வழியே போகலாம், வரலாம்.

1960இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லேயும் டிரகோஸ்லாவ் லிம்மும் உயிரியல் பயன்பாட்டுக்கான ஜெல்கள் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மறு வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில், விக்டர்லே தன் மகனின் விளையாட்டு இயந்திரப் பாகங்களை வைத்தே ஒரு சுழலும் கருவி செய்து, அதில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் வார்த்தார். 1971இல் அமெரிக்காவில் இந்த வகை லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஏறத்தாழ 38 சதவீதம் தண்ணீர்.

மைசெல் வழியாகவே உருவாகும் ஜெல்லும் உண்டு. போலாக்ஸமர் 407 என்ற பாலிமரை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் கழுவும் திரவத்தின் லேபிளில் இந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம். இதன் செறிவான கரைசல் ஃபிரிட்ஜில் திரவமாக இருக்கும். உடல் சூட்டில் ஜெல்லாகிவிடும். கடல்பாசிக்கு நேர் எதிர். சூடானதும் மூலக்கூறுகள் மைசெல்களாகக் கூடுகின்றன. மைசெல்கள் டப்பாவில் அடுக்கிய லட்டு மாதிரி நெருங்கி நின்று அசையாமல் ஆகின்றன. அதே துகள், வேறு அடுக்கு. 1920இல் பார்த்த அதே பாடம்.

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி தந்தார்கள். சிறுநீரகத்தின் உட்பகுதியில் வரும், வீரியம் குறைந்த ஒரு வகைப் புற்றுநோய்க்கானது. அங்கே வெறும் திரவ மருந்தைச் செலுத்தினால் சிறுநீர் அதைச் சீக்கிரமே அடித்துக்கொண்டு போய்விடும். எனவே மைட்டோமைசின் என்ற மருந்தை இந்த போலாக்ஸமர் ஜெல்லில் கலந்து, குளிர்ச்சியாகத் திரவ நிலையில் குழாய் வழியே செலுத்துகிறார்கள். உள்ளே போனதும் அது ஜெல்லாகி ஒட்டிக்கொண்டு, சில மணி நேரம் மருந்தைக் கசியவிடுகிறது. சில நோயாளிகளுக்கு இது சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பு. ஏனென்றால் இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சையில் சிறுநீரகத்தையே எடுத்துவிட வேண்டி வருவதுண்டு.

அவர் சொன்னது எல்லாமே சரியா?

இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். 1926 வாக்கில் மெக்பெய்ன் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்கு மாறினார். கரைசலில் இரண்டு வகை மைசெல் இருக்கிறது என்பது அவர் கருத்து: மின்னூட்டம் உள்ள சிறிய உருண்டை ஒன்று, மின்னூட்டம் அற்ற பெரிய அடுக்குத் தகடு இன்னொன்று. 1936இல் ஜி.எஸ். ஹார்ட்லி இதை மறுத்தார். நீர்த்த கரைசலில் ஒரே வகை உருண்டை மைசெல் போதும், எல்லா அளவீட்டையும் அதை வைத்தே விளக்கலாம் என்றார். இன்று பாடப்புத்தகத்தில் நீங்கள் பார்க்கும் உருண்டைப் படம் ஹார்ட்லியுடையது. அடுக்குத் தகடுகளும் உண்டு. ஆனால் அவை செறிவு மிக அதிகமான இடத்தில் வருபவை.

கருத்தில் சறுக்கினாலும் அளப்பதில் அவர் விடவில்லை. ஒரு பொருள் எவ்வளவு ஆவியை ஏற்கிறது என்று நிறுக்க, குவார்ட்ஸ் சுருள்வில்லில் தொங்கும் தராசை 1926இல் பக்ர் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். இருவர் பெயராலும் அது இன்றும் அழைக்கப்படுகிறது. நீர்ப்பரப்பின் மெல்லிய மேல் தோலை வேகமாகப் பாயும் கத்தியால் சீவி எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று பகுத்துப் பார்த்தார். எண்ணெயில் மட்டும் கரையும் சாயம் மைசெல்லின் உட்பகுதியில் ஒளிந்துகொண்டு தண்ணீரில் எப்படிக் கரைகிறது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். தண்ணீரில் கரையாத மருந்துகளை உடம்புக்குள் கொண்டுபோக இன்று பயன்படும் வழிகளில் அதுவும் ஒன்று. 1939இல் ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் வழங்கியது.

புனேவுக்கு எப்படி வந்தார்?

1947இல் ஸ்டான்ஃபோர்டில் ஓய்வு பெற்றார். வயது 65. வேறு யாராக இருந்தாலும் தோட்டம், பேரப்பிள்ளைகள் என்று இருந்திருப்பார்கள்.

அதே 1947இல், ஏப்ரல் 6ஆம் தேதி, புனேவில் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் அப்போதைய பம்பாய் மாகாணப் பிரதமர் பி.ஜி. கேர். சுதந்திரத்துக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது. நாடு முழுக்க ஆய்வகங்கள் கட்டும் வேலையை முன்னின்று நடத்தியவர் சிஎஸ்ஐஆர் தலைவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அவரும் கூழ்ம வேதியியல் ஆள்தான், லண்டனில் எஃப்.ஜி. டோனனிடம் முனைவர் பட்டத்துக்காக அந்தத் துறையில் வேலை செய்தவர்.

1950 ஜனவரி 3ஆம் தேதி நேரு இந்த ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். குடியரசு ஆவதற்கு இன்னும் 23 நாள். அந்த வருஷம் இந்திய அறிவியல் மாநாடும் புனேவில்தான் நடந்தது. தலைவர் புள்ளியியல் மேதை மகலனோபிஸ். புதிய ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார் மெக்பெய்ன்.

அந்த நேரத்தில் இந்தியாவுக்கு உணவு வேண்டும், உரம் வேண்டும், மருந்து வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு வேதியியல் ஆய்வகத்தை, வாழ்நாள் முழுக்கச் சோப்புக் கரைசலின் அமைப்பை ஆராய்ந்த ஒருவரிடம் கொடுத்தது சரியா என்று யாராவது கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் சோப்பு, சாயம், மருந்து, பிளாஸ்டிக் எல்லாமே மேற்பரப்பிலும் கூழ்மத்திலும் வந்து நிற்பவை. தொழிற்சாலைக் கேள்வியில் இருந்து அடிப்படை அறிவியல் எப்படிப் பிறக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே உதாரணம்.

1952 வரை அவர் இங்கே இருந்தார். 1950இல் கூழ்ம அறிவியல் பற்றிய அவர் பாடநூலும் வெளிவந்தது. 1953 மார்ச்சில் காலமானார். மைசெல் கரைப்பு பற்றிய நூலை மேரி லெய்ங் மெக்பெய்ன், எரிக் ஹட்சின்சனுடன் சேர்ந்து 1955இல் வெளியிட்டார்.

அவருக்குப் பின் என்சிஎல்லுக்கு வந்தவர் ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச். 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஆக்ஸிஜன் குடுவையோடு ஏறிய மலையேற்ற வீரரும் இவரே. அதற்கடுத்து 1957இல் முதல் இந்திய இயக்குநர் வந்தார்: சென்னையில் பிறந்த சாய வேதியியலாளர் கே. வெங்கடராமன். புனேவின் இந்தப் பெரிய ஆய்வகத்தை 1966 வரை நடத்தியவர் ஒரு சென்னைக்காரர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

புனேவும் ஜெல்லும்

மெக்பெய்ன் விட்டுப்போன பாதையில்தான் என்சிஎல்லின் ஜெல் ஆய்வு வளர்ந்தது என்று நேர்க்கோடு போடக் கூடாது. அவர் போய் 30 வருஷத்துக்கு மேல் கழித்து, வேறு தலைமுறை, வேறு தேவையில் இருந்து தொடங்கிய வேலை அது. 1980களில் இங்கே ஸ்டார்ச்சை அடிப்படையாக வைத்து, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடிக்கும் ‘ஜலசக்தி’ என்ற பொருளை உருவாக்கினார்கள். மானாவாரி மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் நோக்கம்.

2006இல் ஷைனி வர்கீஸ், ஆஷிஷ் லெலே, ஆர்.ஏ. மஷேல்கர் மூவரும், வெட்டினால் உலோக அயனிகளின் உதவியால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் ஜெல் பற்றி எழுதினார்கள். 2012இல், வர்கீஸ் அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்தபோது, மஷேல்கரும் பங்கேற்ற இன்னொரு ஆய்வு வந்தது. அமிலச் சூழலில் சில நொடிகளில் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஜெல் அது. வயிற்றுக்குள் அமிலம்தானே இருக்கிறது? எனவே இரைப்பை ஓட்டையை அடைக்கவும், வயிற்றில் மருந்தைத் தங்க வைக்கவும் பயன்படலாம் என்று காட்டினார்கள்.

இந்த ஜெல்லின் சூட்சுமம் அதன் நூல்களில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளில் இருக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் தண்ணீரை வெறுக்கும் பகுதியும் விரும்பும் பகுதியும் சரியான அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினாலும் ஒட்டாது. தண்ணீரை வெறுக்கும் வால், விரும்பும் தலை. இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலை. சோப்பு மூலக்கூறுக்குள் மெக்பெய்ன் பார்த்த அதே இழுபறி, இங்கே ஒரு நீளமான வலையில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது.

இவர் வாழ்க்கையில் நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்றால், அது மைசெல் என்ற பெயரைவிட அதைக் கண்டுபிடித்த முறைதான். கையில் இருந்தது ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு அட்டவணை. அளந்த முறையைத் திரும்பச் சோதித்தார், எளிதான விளக்கத்தையும் அளந்து பார்த்தார், இரண்டும் நின்றபிறகு தன் கற்பனையை மாற்றிக்கொண்டார். அடுத்த தடவை உங்கள் டேஷ்போர்டில் இரண்டு எண்கள் சண்டை போட்டால், எதை நீக்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் இரண்டும் உண்மை என்றால் உள்ளே என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.